பாதாளத்துல பாத்ரூம் கட்டுற மாப்ளைக்கு

கே.கே. நகர்ல வீடு கட்டுறியாம்ல மாப்ள, சந்தோஷம். மேல மூணு மாடி பத்தாதுன்னு கீழயும் ஒண்ணு தோண்டியிருக்கியாம். கார் நிக்க எடம், டிரைவருக்கு ஒரு ரூம், அந்த ரூமுக்கு ஒரு கக்கூஸு. கார் கீழ எறங்கும், நீ முறுக்கினா மேல ஏறும். கக்கூஸ் தண்ணி எறங்கும், சரி. ஏறுன்னு சொன்னா ஏறுமா? இதை இன்சினியர்கிட்ட கேட்டியான்னா, வாஸ்துக்காரர்கிட்ட கேட்டேங்குற. அவரு ஈசானிய மூலையைக் காட்டுவாரு மாப்ள, ரோட்டுச் சாக்கடை மட்டத்தைக் காட்டமாட்டாரு.

நீ எங்கன தோண்டுறேன்னு தெரியும்ல? வண்டியூர்க் கண்மாய் கூப்புடு தூரத்துல கெடக்கு. மதுரைக்காரய்ங்களுக்குக் கண்மாயைக் கண்டா கட்டடம் கட்டாம கை நிக்காது. மாநகராட்சி ஆபீஸு தல்லாகுளம் கண்மாய்க்குள்ள, ஐகோர்ட் கிளை உலகனேரிக் கண்மாய்க்குள்ள. 2004-ல கோர்ட்டைத் திறந்தாய்ங்க. கண்மாயை ஆக்கிரமிச்சவன் மேல போடுற கேசும் அங்கனதான் நடக்குது! 2024 அக்டோபர் 25-ந் தேதி கால் மணி நேரத்துல நாலரை சென்டிமீட்டர் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? செல்லூர்ப் பக்கம் கூப்பிடாமலே தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. தண்ணிக்குப் பட்டா கேக்கத் தெரியாது, பழைய எடம் மட்டும் தெரியும்.

பேஸ்மென்ட் தோண்டாதவனும் தப்பிச்சான்னு நினைக்காத. அப்பன் காலத்துல ரோட்டைவிட ரெண்டு படி ஒசரமாக் கட்டின வீடு எத்தனையோ இன்னிக்குப் பள்ளத்துல கெடக்கு. வீடு எறங்கலை, தார் மேல தார் போட்டு ரோடுதான் ஏறுச்சு. பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021 மே மாசம் அன்னிக்குத் தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டாரு. உத்தரவுக்கு முன்னாடி ஏறின ரோட்டை யாரு எறக்குறது? மழை பெஞ்சா அந்தப் பள்ளத்து வீட்டுக்காரன் கக்கூஸுக்குள்ள தெருவே எட்டிப் பாக்குது. ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறவனும் இருக்கான். தூக்கக் காசில்லாதவனும், உன்னை மாதிரி ஆசையாத் தோண்டினவனும் கடைசியில ஒரே கடையிலதான் வந்து நிப்பீங்க. அதுதான் கழிவுநீர் மோட்டார் கடை.

விசயம் ஒண்ணும் பெரிசு இல்ல. கமலை இறைச்ச காலத்துல மாடு முன்னுக்குப் போனாச் சால் மேல வரும். இங்கன மாட்டுக்குப் பதிலா மோட்டாரு, கிணத்துக்குப் பதிலா மூடி போட்ட குழி. கீழ் வீட்டுத் தண்ணி குழியில வந்து சேரும், மட்டம் ஏறினா ப்ளோட் மிதந்து சுவிட்சைத் தட்டும், மோட்டார் ஓடித் தெருச் சேம்பருக்குத் தள்ளும். இதை நேத்து வந்த நாகரிகம்னு நினைச்சுக்கிறாத. ஐசக் ஷோன்னு ஒரு பிரிட்டிஷ் இன்சினியர் 1878-லயே காத்தழுத்தத்துல கழிவைத் தள்ளுற எஜெக்டருக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு. நம்ம செட்டிமாரு வட்டிக்கடை போட்ட ரங்கூன்ல 1890 வாக்குல ஊருக்கே அந்த ஏற்பாடுதான். ஆத்தோரத் தாழ்வான ஊரு, சரிவு கெடையாது, அதனால போட்டாய்ங்க. நீ சரிவு இருக்குற ஊர்ல உக்காந்துக்கிட்டுப் பள்ளத்தை வெட்டி வாங்குற.

இனி காதைக் குடு. மொதல்ல, மேல் மாடித் தண்ணி எதையும் இந்தக் குழிக்குள்ள விடாத. அது தன்னால தெருவுக்குப் போற தண்ணி. அதையும் கீழ எறக்கி, கரண்டுக்குக் காசு கட்டி மேல ஏத்துனா, உன்னைய ஊருல என்ன சொல்லுவாய்ங்கன்னு நான் வாயால சொல்லணுமா? மழைத் தண்ணி, ஏ.சி. தண்ணிக்கும் அங்க சோலி கெடையாது.

ரெண்டாவது மோட்டாரு. சம்ப்புக்குப் போட்ட பழைய மோட்டார் சும்மாத்தானே கெடக்குன்னு எறக்குவ, எனக்குத் தெரியும். அது நல்ல தண்ணிக்குப் பொறந்தது. முடியும் நூலும் வந்தாலே மூச்சு முட்டிரும். கழிவுநீர்னு எழுதின சப்மெர்சிபிள் வாங்கு. ரெண்டு அங்குல உருண்டை உள்ள போய் வெளிய வரணும், வெளியேத்துற குழாயும் ரெண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கக்கூஸுக்கு அரை எச்.பி. பெரும்பாலும் போதும். ஆனா கடைக்காரன் எச்.பி.யைப் பத்திப் பேசுனா நீ ஒசரத்தைப் பத்திப் பேசு. குழியடியிலிருந்து குழாய் போற உச்சி எத்தனை அடி, எத்தனை பெண்டு, தெருச் சேம்பர் எம்புட்டுத் தூரம், இதைச் சீட்டுல எழுதிக் கொண்டு போ. கோயம்புத்தூர்க்காரய்ங்க எல்லா ஒசரத்துக்கும் மோட்டார் செஞ்சு வச்சிருக்காய்ங்க. அளவு தெரியாமப் போறவனுக்குத்தான் பெரிசை விப்பாய்ங்க.

மூணாவது குழி. ரெண்டடி அகலம், மூணடி ஆழம் ஒரு கக்கூஸுக்குத் தாராளம். பெரிசாத் தோண்டினாப் பெருமைன்னு நினைக்காத. கழிவு நாள்கணக்குல தேங்கி அழுகும். ரொம்பச் சின்னதாப் போனா மோட்டார் நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு உக்காந்தே சாகும். பிளாஸ்டிக் தொட்டி எறக்குறதா இருந்தாச் சுத்தியும் காங்கிரீட் போட்டுப் பிடிச்சு வையி. கண்மாய் நெறஞ்சு நெலத்தடித் தண்ணி ஏறினா, காலித் தொட்டி தரையைப் பேத்துக்கிட்டு மேல வந்துரும்.

குழாய் வேலையிலதான் ப்ளம்பர் கண்ணைக் கட்டுவான். மோட்டாருக்கு மேல நான்-ரிட்டர்ன் வால்வு, அதுக்கு மேல கேட் வால்வு, நடுவுல கழட்டுறதுக்கு யூனியன். வால்வு மேல இருக்குற அம்புக்குறி தெருவைப் பாக்கணும். தலைகீழா மாட்டிட்டு மோட்டார் சரியில்லைங்குற ஆளும் இருக்கான். மோட்டாருக்கும் அந்த வால்வுக்கும் நடுவுல, குழிக்குள்ளயே, குழாயில ஒரு அஞ்சு மில்லி ஓட்டை போடச் சொல்லு. "ஒழுகுமே சார்"ம்பான். ஒழுகட்டும், குழிக்குள்ளதானே ஒழுகும்! அந்த ஓட்டை இல்லேன்னா மோட்டாருக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டு, ஓடும், தண்ணி மட்டும் ஏறாது. வெளியேத்துற குழாயை ரோட்டு மட்டத்துக்கு மேல ஏத்தி, வளைச்சு, அப்புறந்தான் சேம்பருக்குள்ள எறக்கணும். மழைக்குச் சேம்பர் ரொம்பித் திரும்பி வந்தா உன் வீட்டுக்குள்ள ஏறாது.

மூடியை ரப்பர் காஸ்கெட் வச்சு முறுக்கு. காத்துப் போக்குக்குத் தனிக் குழாய் மொட்டை மாடிக்கு மேல வரைக்கும் போகணும். "காத்துக் குழா எதுக்கு, வீண் செலவு"ன்னு மிச்சம் பிடிச்சவன் வீட்டுல விருந்தாளி தங்கமாட்டான். அதுவும் ஒரு மிச்சம்னு நீ சொல்லுவ. மோட்டாருக்குத் தனி லைன், நல்ல எர்த்து, இ.எல்.சி.பி. மூணும் வேணும். மட்டம் எல்லை தாண்டினாக் கத்துறதுக்கு இன்னொரு ப்ளோட்டும் மணியும், அதுக்கு வேற சர்க்யூட்டு. மோட்டார் லைனுலயே மணியைக் கோத்தா, ரெண்டும் ஒண்ணாப் படுத்துரும். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முந்தி நல்ல தண்ணியை வாளி வாளியா ஊத்தி, ப்ளோட் தானா எந்திரிச்சுத் தானா அடங்குதான்னு நின்னு பாரு. அன்னிக்குப் பாக்காதவன் பால் காய்ச்சுற அன்னிக்குப் பாப்பான், சம்பந்தக்காரய்ங்களோட சேந்து.

சரி, கட்டிட்ட. ஒரு நாள் படுத்துருச்சு. ஒடனே ப்ளம்பருக்குப் போன் போட்டா, மாட்டுத்தாவணியில நிக்கேன், வந்துக்கிட்டே இருக்கேம்பான். அவன் வர்றதுக்குள்ள உனக்கே பாதி வெளங்கும். சத்தமே இல்லையா? எம்.சி.பி. விழுந்திருக்கான்னு பாரு. விழலேன்னா காஞ்ச பி.வி.சி. குழாயால ப்ளோட்டைத் தூக்கிப் பாரு. மோட்டார் ஓடினா மோட்டார் நல்லவன், ப்ளோட் ஒயர் சிக்கியிருக்கு. உறுமுது, சுத்தலையா? கண்டென்சர் போயிருக்கும், இல்ல இம்பெல்லர்ல துணி சுத்தியிருக்கும். உறுமுறதை ரசிச்சுக்கிட்டு நிக்காம அமத்து, வைண்டிங் கருகிரும். ஓடுது, மட்டம் குறையலையா? நான் சொன்ன ஓட்டை அடைச்சிருக்கும், இல்ல கேட் வால்வை எவனோ மூடியிருப்பான். நின்ன கையோட திரும்ப ஓடுதா? நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கலை, ஏத்தின தண்ணி அம்புட்டும் திரும்பிக் குழிக்கே வருது. நிக்கவே மாட்டேங்குதா? ப்ளோட் மேலயே மாட்டியிருக்கும், இல்லேன்னா கக்கூஸ் ப்ளஷ் டேங்க் ஒழுகும், அதுவும் இல்லேன்னா கண்மாய்த் தண்ணி சுவர் வழியாக் கசிஞ்சு குழிக்கு வருது. கண்மாயையே எறைக்கப் பாக்குற மோட்டாரு எத்தனை நாள் தாங்கும்? இ.எல்.சி.பி. திரும்பத் திரும்ப விழுதா? மோட்டாருக்குள்ள தண்ணி போயிருச்சுன்னு அது தலையில அடிச்சுச் சொல்லுது. அதைக் கழட்டிட்டு நேரடியாக் கொடுக்குற எலக்ட்ரீசியனை வாசல்லயே நிறுத்து.

முக்காவாசிக் கோளாறுக்குக் காரணம் மோட்டார் இல்ல, நீங்கதான். நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், தலைமுடி, தேங்கா நாரு, பழைய எண்ணெய், எல்லாத்தையும் கக்கூஸுக்குள்ள போடுறது. பாக்கெட்டுல "ப்ளஷ் பண்ணலாம்"னு போட்டிருக்காம். அவன் தாளை விக்கிறவன் மாப்ள, உன் குழியைக் கழுவுறவன் இல்ல. கரண்டு போச்சுன்னா இன்வெர்ட்டர்ல அந்த மோட்டார் ஓடுமான்னு முன்கூட்டியே கேட்டு வையி. ஓடாதுன்னா, கரண்டு வர்ற வரைக்கும் கீழ்க் கக்கூஸுக்குப் பூட்டு. மேல மூணு மாடியில எத்தனை கட்டியிருக்க, படியேறு.

இன்னொரு சாமர்த்தியசாலி இருக்கான். தெருச் சேம்பர் நெறஞ்சிருச்சா, ராத்திரி ஊரு அடங்கினப்புறம் மழைநீர் வாய்க்காலுக்குள்ள குழாயை நீட்டிருவான். யாருக்கும் தெரியாதாம். வாய்க்கால் கண்மாய்க்குத்தான் போகும். மறுநாள் காலையில அதே கண்மாய்க் கரையில மூக்கைப் பொத்திக்கிட்டு வாக்கிங் போறவன் யாரு? அவனேதான். "இந்தக் கார்ப்பரேஷனே சரியில்லை"ம்பான்.

இப்ப சொல்லப் போறதுல கிண்டல் கெடையாது. 2022 ஏப்ரல் 21-ந் தேதி ராத்திரி, நம்ம மதுரை நேரு நகர்ல இருக்குற கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்ல, மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளிக மூணு பேரு விஷவாயு தாக்கிச் செத்துப் போனாய்ங்க. அழுகின கழிவுல வர்ற ஹைட்ரஜன் சல்பைடு மொதல்ல அழுகின முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினா மூக்கு மரத்து வாடையே தெரியாமப் போகும். நாத்தம் கொறைஞ்சிருச்சுன்னு ஒருத்தர் எறங்குவாரு, அவரைத் தூக்க அடுத்தவரு எறங்குவாரு. வீட்டுக் குழி சின்னதுதானேன்னு நினைக்காத. மூணடிக் குழிக்குள்ள தலையை விட்டாலும் மூச்சு நிக்கும். கூடவே மீத்தேனும் இருக்கும், தீக்குச்சியைக் கிழிச்சு எட்டிப் பாக்குற வேலை வேண்டாம். கழிவுநீர்க் குழியிலயும் சாக்கடையிலயும் பாதுகாப்பு இல்லாம ஆளை எறக்குறது 2013-ம் வருசச் சட்டப்படி குத்தம். மொதத் தடவையே ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் நஷ்டஈடுன்னு சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல சொல்லியிருக்கு. அந்தக் காசை வாங்கிக்கிட்டு எந்தப் பொண்டாட்டியும் புருசனை மறக்கப் போறதில்ல.

அதனால மோட்டார் எறக்குற அன்னிக்கே துருப்பிடிக்காத சங்கிலியை அதோட கைப்பிடியில கோத்து, மேல கொக்கியில மாட்டச் சொல்லு. கழட்டணும்னா மேல நின்னபடியே யூனியனைத் திருகணும், சங்கிலியைப் பிடிச்சு மோட்டாரைத் தூக்கணும். அதுக்கு முன்னாடி கரண்டை அமத்து, கையுறை போடு, மூடியைத் தெறந்து நேரம் விடு. சங்கிலி விலை உன் வாசல் கதவுக் கைப்பிடி விலைகூட வராது. கிரானைட் தேர்ந்தெடுக்க வண்டி போட்டு மூணு ஊரு சுத்தினவன் இந்தச் சங்கிலியைக் கடை வாசல்லயே மறந்துட்டு வருவ, எனக்குத் தெரியும்.

என்னையக் கேட்டா, அந்தக் கக்கூஸைத் தரை மட்டத்துக்குக் கொண்டு வா. மோட்டாரும் வேணாம், ப்ளோட்டும் வேணாம், இந்தக் கெழவன் புத்தியும் வேணாம். மாட்டேன், கீழதான் கட்டுவேன்னு நின்னா, சொன்னதையெல்லாம் செஞ்சு கட்டு. எது கெட்டாலும் குழிக்குள்ள மட்டும் ஒருத்தனும் எறங்கக் கூடாது. "சும்மா எறங்கி எடுத்துர்றேன் சார், ஐநூறு குடுங்க"ன்னு எவனாவது நின்னா, ஐநூறைக் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, கழிவுநீர் உதவி எண் 14420-க்குப் போன் போடு.