மிரர் மூடிக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு உதிரிபாக விற்பனைப் பிரிவு (எந்தக் கார் கம்பெனி என்பது உரியவர்களுக்குத் தெரியும்)

ஐயா,

காரின் சைடு மிரருக்கு முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி பற்றியது இந்த மனு. சந்துக்குள் எதிரே வரும் ஆட்டோ உரசினால் முதலில் அடிபடுவது அதுதான். கண்ணாடியும் மோட்டாரும் இண்டிகேட்டரும் பத்திரமாக இருக்க, மூடி மட்டும் விரிசல் விட்டிருக்கும். பல மாடல்களில் கண்ணாடியைப் பக்குவமாக நெம்பி எடுத்தால் உள்ளே கிளிப்புகள் தெரியும். அவற்றை அமுக்கினால் மூடி கையோடு வந்துவிடும். புதியதை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். இவ்வளவு சுலபமாகக் கழலும்படி வடிவமைத்த பொறியாளருக்கு என் வணக்கம். அதைத் தனியாகத் தர மாட்டோம், முழு அசெம்பிளிதான் என்று விலைப்பட்டியல் போட்டவருக்கு அதைவிடப் பெரிய வணக்கம். பொத்தான் தெறித்தவனுக்கு முழுச் சட்டையையே விற்கும் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது. (மூடியைத் தனியாக விற்கும் கம்பெனிகளும் உண்டு. பிழைக்கத் தெரியாதவர்கள்.)

பாதுகாப்பு என்பீர்கள். பின்னால் வரும் லாரியைக் காட்டுவது கண்ணாடி. மூடிக்கு அந்த வேலை இல்லை. நிறம் ஒத்துப்போகாது என்பீர்கள். நிறக் குறியீட்டை வண்டியிலேயே ஒட்டி அனுப்புவது நீங்கள்தான். ப்ரைமர் அடித்த மூடி கிடைத்தால் பட்டறைப் பெயிண்டர் அந்தக் குறியீட்டைப் பார்த்து வண்ணம் கலந்துவிடுவார். வெயிலில் வெளுத்த வண்டியில் லேசாக வித்தியாசம் தெரியும், உண்மைதான். உங்கள் புது அசெம்பிளி மட்டும் வெளுத்தா வருகிறது? போலிகள் பெருகிவிடும் என்பது சற்றே கனமான வாதம். ஆனால் அசல் மூடி தனியாகக் கிடைக்காத கடைத்தெருவில் போலிதான் விற்கும். அந்த வியாபாரத்துக்கு வழிவிட்டது யார்?

அசல் பாகங்கள் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அங்கும் பாதுகாப்பைச் சொன்னார்கள், அறிவுசார் சொத்துரிமையைச் சொன்னார்கள், ஆணையம் மசியவில்லை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதற்கு வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க மூடி விற்ற பணம் போதாது, அசெம்பிளிதான் விற்க வேண்டும் என்பது புரிகிறது. 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. எனவே விஷயம் நம் தெருப் பட்டறையோடு நிற்கவில்லை.

கேட்பது அதிகமில்லை. மூடிக்கென்று ஒரு பாக எண், ஒரு விலை. அது எந்தக் கடையிலும் கிடைக்கட்டும். ஜோடியாகத்தான் விற்போம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இடது பக்க மூடி மட்டும் தேவைப்படுவோர் சார்பில் ஒருவன்