ரகளை செய்தால் தகவல் கொடுக்கவும்

பெங்களூர் பிரேசர் டவுன்காரர்களுக்குக் கப்பன் பார்க்கைத் தாண்டினாலே வெளிநாடு. மெஜஸ்டிக் பக்கம் ஒரு வேலையாகப் போகிறவர்கூட "சிட்டிக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புவார். இது வெறும் பந்தா இல்லை, வரலாற்று ஆதாரம் உள்ள பந்தா. 1881இல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்த வெள்ளைக்காரன், நாங்கள் இருக்கும் கண்டோன்மென்ட்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டான். 1947இல்தான் அது மைசூரோடு சேர்ந்தது. என் தாத்தா வேலூரிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்து இறங்கியபோது, கப்பன் பார்க்குக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே வேறு ஆட்சி.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நான், குழந்தையைக் கூட்டிவர ஒடிசா போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பாஸ்போர்ட் எடுத்துட்டியா?"

கிண்டல் இல்லை. அடுத்த கேள்வி, "அங்க அரிசி கிடைக்குமா?"

ஒடிசா வரை போக நேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர், கோயில், வேளாங்கண்ணி, மறுபடி டாக்டர் என்று எல்லோரும் சுற்றும் சுற்றை நாங்களும் சுற்றி முடித்துவிட்டு, 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தோம். பதிவு செய்த பிறகுதான், குழந்தை பெற்றுக்கொள்வது எவ்வளவு சுலபமான காரியம் என்று தெரிந்தது. பெற்றுக்கொள்கிறவனிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. எங்களிடம் கேட்டார்கள். மருத்துவச் சான்று, திருமணச் சான்று, 'இவர்கள் நல்லவர்கள்' என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் கைப்பட எழுதிய கடிதம், எல்லாம் கேட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டி 85க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. கல்யாணத் தரகரிடம்கூட மறைக்க முடிந்த என் மனைவியின் வயது, அந்தக் கூட்டல் கணக்கில் பட்டவர்த்தனமாகிவிட்டது. அம்மாவுக்கு வேறு பயம். "என் வயசையும் சேர்த்துக் கூட்டிடப் போறாங்கடா!"

நற்சான்றுக் கடிதங்களில் ஒன்றைக் கீழ்வீட்டு பாய் எழுதினார். நான் தண்ணீர் மோட்டாரை மறக்காமல் அணைப்பவன், ஆகவே பொறுப்பானவன் என்பது அதன் சாரம். இன்னொன்றை எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி எழுதினார். நாங்கள் சத்தமே போடாத தம்பதி என்று பாராட்டியிருந்தார். நாங்கள் சண்டை போடும்போது ஜன்னலைச் சாத்திவிடுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு ஹோம் ஸ்டடி. வீட்டைப் பார்த்து, எங்களையும் பார்த்து அறிக்கை எழுத ஒரு சோஷியல் வொர்க்கர் வந்தார். அம்மா அதைப் பெண் பார்க்கும் படலமாகவே எடுத்துக்கொண்டு சொஜ்ஜி, பஜ்ஜி வரை போய்விட்டாள். வந்தவர் பஜ்ஜியைவிட பால்கனி கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் அக்கறையாகப் பார்த்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "நீ தத்தெடுத்த பொண்ணுன்னு அவகிட்ட சொல்வீங்களா?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லணும்மா," என்றார் அவர். "விவரம் தெரியறதுக்கு முன்னாடியே கதை மாதிரி சொல்ல ஆரம்பிச்சுடணும். வேற யாராவது சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது."

அம்மா யோசித்தாள். கதை சொல்லும் பொறுப்பு தனக்குத்தான் என்று முடிவு செய்திருக்க வேண்டும். குழந்தை வருவதற்கு முன்பே எங்கள் வட்டாரத்து மாஸ்க் ரோடு பூராவும் கதை பரவிவிட்டது.

இத்தனை கேள்விக்கும் மூலம் ஒரு கடிதம் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஒரு காலத்தில் நம் ஊர்க் குழந்தைகளை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தத்தெடுத்துப் போவதற்குச் சரியான கட்டுப்பாடே இல்லை. சில இடங்களில் அது வியாபாரமாகவே நடக்கிறது என்று லட்சுமி காந்த் பாண்டே என்கிற வக்கீல் 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்கானது. 1984இல் நீதிபதி பகவதி விரிவான தீர்ப்பு எழுதினார். முதலில் உள்நாட்டிலேயே பெற்றோர் தேட வேண்டும், எடுத்துக்கொள்கிறவர் யார் எவர் என்று தீர விசாரிக்க வேண்டும் என்று அதில் வரிசையாக விதிகள். 1990இல் 'காரா' வந்தது. இது தெரிந்த பிறகு பால்கனிக் கம்பியை அளந்தவர்மேல் எனக்கிருந்த சின்ன எரிச்சலும் போய்விட்டது.

எரிச்சல் போனது, காத்திருப்பு போகவில்லை. ஆண்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகள் தத்துப் போகிற நாட்டில் 30,000க்கும் மேல் பெற்றோர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை எண்ணைப் பார்ப்பதே தினசரி அனுஷ்டானம் ஆயிற்று. அந்த இடைவெளியைச் சொந்தக்காரர்கள் வீணாக்கவில்லை. தவறாமல் மைசூர் தசராவுக்குப் போய் ராஜ குடும்பத்தைத் தூரத்திலிருந்து சேவித்துவிட்டு வரும் சித்தப்பா ஒருவர், "ஆயிரம் சொல்லு, ரத்தம் யாரோடதோ?" என்றார்.

சித்தப்பாவுக்காகவே நான் தயாராக இருந்தேன். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பட்டத்துக்கு வாரிசு இல்லை. 1865இல் இரண்டு வயது சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். தத்துப் பிள்ளைக்குப் பட்டம் இல்லை என்று சொல்லியே டல்ஹௌசி சதாராவையும் ஜான்சியையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்த காலம். பிள்ளையை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று லண்டனில் இழுத்தடித்து 1867இல்தான் சரி என்றார்கள். ஆக, மகாராஜாவுக்கே ஹோம் ஸ்டடி நடந்திருக்கிறது. அந்தத் தத்துப் பிள்ளையின் மகன்தான் ஊரே கும்பிடும் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். அவருக்கு வாத்தியாராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரில் 1910இல் உண்டானதுதான் நாம் குடியிருக்கும் இந்த இடம். அதைப் புலிகேசி நகர் என்று மாற்றி எத்தனையோ காலம் ஆகியும் ஆட்டோக்காரர் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. 2015இல் பட்டத்துக்கு வந்த யதுவீரும் தத்துதான். "நீங்க தசராவுல யாரைச் சேவிச்சீங்க சித்தப்பா?"

சித்தப்பா காபி கேட்டார்.

ஒருநாள் செல்போனில் தகவல் வந்தது. புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் பார்த்து 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா புகைப்படத்தைப் பார்த்து, "என்னைப் பெத்த அம்மாவோட காது அப்படியே இருக்கு," என்று சொல்லிவிட்டாள். மருத்துவ அறிக்கையை டாக்டரிடம் காட்டும் முன்பே வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது.

பிரசாந்தி எக்ஸ்பிரஸில் புவனேஸ்வர். அங்கிருந்து கட்டாக் போகும் சாலை. வழியில் பஹாலா என்றொரு ஊர், சாலை நெடுக ரசகுல்லாக் கடைகள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பானை வாங்கிக்கொண்டோம். காப்பகத்தில் நீலக் கவுன் போட்டு, தலை வாரி, ஒன்றரை வயதுப் பெண் ஒருத்தி தயாராக நின்றாள். அங்கே வேலை செய்யும் பெண்களை எல்லாம் 'மௌசி' என்று கூப்பிடுவார்கள். ஒரு மௌசி அவளைத் தூக்கி என் மனைவியின் மடியில் வைத்தார். உட்கார்ந்தாள். ரசகுல்லாவை வாயில் வைத்தோம். வாங்கிக்கொண்டாள். மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் குனிந்து சிரித்தபோதுதான் முகம் மாறியது. சுற்றிலும் பெண்களே பார்த்துக்கொள்ளும் இடத்தில் வளர்ந்தவள், மீசையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல் மனைவியின் தோளுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து கிளம்பும்போது அங்கிருந்த அதிகாரி அம்மா இந்தியில் சொன்னார்: "ரகளை பண்ண ஆரம்பிச்சா எனக்கு ஃபோன் பண்ணுங்க."

"அப்படியெல்லாம் பண்ண மாட்டா மேடம், இவ்வளவு சாதுவா இருக்கா," என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார்.

ஊர் வந்து சேர்ந்தபோது ரம்ஜான் மாதம். எங்கள் வீடு மாஸ்க் ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இரவெல்லாம் சமோசா, ஹலீம், பைக் ஹாரன், சஹருக்கு எழுப்பும் குரல். குழந்தை தூங்குமா என்று நாங்கள் கவலைப்பட, அவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். பெருநாள் முடிந்து தெரு அடங்கிய முதல் இரவுதான் விழித்துக்கொண்டாள். கூடம் நிறையக் குழந்தைகளோடு, விளக்கை அணைக்காமல் தூங்கிப் பழகியவளுக்கு நிசப்தம்தான் பயம். அன்றிலிருந்து அம்மாவின் சீரியலுக்கு மருத்துவ அந்தஸ்து கிடைத்தது. "குழந்தைக்காகத்தான் பார்க்கறேன்," என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

பகலில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம் பேசினார்கள்: "எவ்வளவு சமத்து!" வைத்த இடத்தில் உட்காருவாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள். யார் கை நீட்டினாலும் போவாள், தபால்காரர் உட்பட. எதையும் கேட்க மாட்டாள். ஒருநாள் ஓடிவந்தவள் கூடத்து வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். நெற்றி புடைத்துவிட்டது. அழவில்லை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தானே எழுந்து, கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபின் சொன்னாள்: "விருந்தாளியா வந்தவதான் இவ்வளவு மரியாதையா இருப்பாடா. அழுதா யாராவது வருவாங்கன்னு இவளுக்குத் தெரியல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குறும்பு வளர்ப்புத் திட்டம் அமலுக்கு வந்தது. விழுந்தால் அவள் அழாவிட்டாலும் மூன்று பேரும் ஓடுவோம். மூவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு விழுந்ததும் உண்டு. நான் என் பங்குக்கு மீசையை எடுத்தேன். கல்யாணமானதிலிருந்து மனைவி கேட்டும் நடக்காத காரியம். குளியலறையிலிருந்து வெளியே வந்த என்னைக் குழந்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வேறு எவனோ புகுந்துவிட்டான் என்று முடிவு செய்து மறுபடி தோளுக்குப் பின்னால் மறைந்தாள். பழையவனோடு பாதி சமாதானம் ஆகியிருந்தாள் போலிருக்கிறது. மறுபடி வளர்க்க ஆரம்பித்தேன்.

முதல் வெற்றி அம்மாவுக்குத்தான். செர்லாக், பருப்பு சாதம், நெய் இட்லி எல்லாவற்றையும் கன்னத்தில் ஒதுக்கிய பெண், அம்மா தனக்காகப் பிசைந்துகொண்டிருந்த பழைய சோற்றுச் சட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். வாயைத் திறந்தாள். இரண்டாவது வாய்க்குத் தானே சட்டியை இழுத்தாள். விசாரித்ததில், ஒடிசாவில் அதே பழையதுக்குப் 'பகாள' என்று பெயர்; மார்ச் 20ஆம் தேதியை அதற்கு விழா நாளாகவே கொண்டாடுகிறார்கள். அரிசி கிடைக்குமா என்று கேட்ட அம்மா, "நல்ல ஜனங்கப்பா," என்று ஒரு மாநிலம் முழுவதற்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

ரகளை நடந்தது ஆல்பர்ட் பேக்கரி வாசலில். 1902இலிருந்து மாஸ்க் ரோட்டில் இருக்கிற கடை அது. சாயங்காலம் கூட்டம் நெரியும். இடுப்பில் குழந்தையோடு நான். சுடச்சுட பஃப்ஸ் தட்டு வந்ததும் கையை நீட்டினாள். "சூடும்மா, வேணாம்," என்று கையைப் பிடித்தேன். ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். அப்புறம் வளர்ந்தும் வளராமலும் இருந்த என் மீசையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வலியில் நான் கீழே விட, நடைபாதையில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். அத்தனை மாதமும் எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ அந்தக் குரலை!

கூட்டம் கூடிவிட்டது. தமிழில் ஒருவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உருதுவில் ஒரு பாட்டி என்னைத் திட்டினாள். கன்னடத்தில் ஒருவர் சாக்லேட் வாங்கச் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு பெண் "கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்றாள். நான் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு ஒடிசாவுக்கு ஃபோன் போட்டேன்.

"மேடம், ரகளை! பயங்கர ரகளை!"

சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். "முபாரக் ஹோ," என்றார். "இப்ப யார்கிட்ட போகணும்னு அழறா?"

திரும்பிப் பார்த்தேன். பாட்டி கையை நீட்டிக்கொண்டிருந்தாள், சாக்லேட்காரர் சாக்லேட்டையே நீட்டிக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டாலும் போகிற பெண் இரண்டு பேரையும் தட்டிவிட்டு, பஃப்ஸைக் கொடுக்காத கிராதகனான என்னைப் பார்த்துத்தான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். தூக்கிய பிறகும் தோளில் அடித்துக்கொண்டேதான் வந்தாள். மீசை இன்னும் அவள் பிடியில்.

வீட்டு வாசலில் அம்மா கேட்டாள்: "யாரு வீட்டுக் குழந்தைடா இப்படிக் கத்துது?"

"நம்ம வீட்டுதுதாம்மா."

தத்து உத்தரவு கலெக்டரிடமிருந்து அதற்கு முன்பே வந்து, லேமினேட் ஆகி, பீரோவில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்கள். இந்த முறை வந்த சோஷியல் வொர்க்கர் பேனாவைத் திறந்து, "குழந்தை எப்படிப் பழகறா?" என்று கேட்டதும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். டிவி ரிமோட் இட்லி மாவுக்குள் கிடந்தது. கீழ்வீட்டு பாயின் செருப்பில் ஒன்று பால்கனிக் கம்பி வழியாகத் தெருவுக்குப் போனது. இன்னொன்றும் மறுநாள் துணைக்குப் போனது. பாட்டியை எழுப்புவதற்குக் கண்ணிமையைத் தூக்கிப் பார்ப்பது. சித்தப்பாவின் பல்செட்டை அவர் போட்டுக்கொண்டிருக்கும்போதே கழற்றப் பார்த்தது. இப்படியே நீண்டது குற்றப்பத்திரிகை. அம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை.

எழுதி முடித்தவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் காபியை எடுத்தார். அடுத்து என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. "இதையும் சேர்த்து எழுதிக்கோங்க," என்றாள் அம்மா.