தாளம் போட ஓர் ஆள் போதும்

கேள்வி: வீட்டு ஸ்டூடியோவில் ஒரு மிடி இன்டர்ஃபேஸ் இருக்கிறது. இன்னொன்றை வாங்கி அதே கம்ப்யூட்டரில் மாட்டினால் இரண்டும் முட்டிக்கொள்ளாதா? (திருச்சி வாசகர்)

பதில்: முட்டிக்கொள்வது ஆடியோ இன்டர்ஃபேஸ்கள்தான். விண்டோஸில் ஏசியோ டிரைவர் என்றால் பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்கும். மிடியில் அந்தத் தகராறு இல்லை. அந்த ஒயரில் சத்தமே போவதில்லை; ‘இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தி வாசி, சரி, இப்போது விடு’ என்று துண்டுச் சீட்டுதான் போகிறது. சீட்டு சுமக்க எத்தனை ஆள் வந்தாலும் கம்ப்யூட்டர் முகம் சுளிக்காது.

கேள்வி: ஒரே ஒயரில் 16 சேனல் இருக்கிறதே! நான்கு கீபோர்டையும் ‘த்ரூ’ வழியாகச் சங்கிலி போட்டால் காசு மிச்சம்தானே? (ஈரோடு வாசகர்)

பதில்: ஈரோட்டுக்காரரிடம் காசுக் கணக்கில் ஜெயிக்க முடியாது. நேரக் கணக்கு போடுவோம். மிடி ஒயரில் வினாடிக்கு 31,250 பிட் போகும். ஒரு பைட்டுக்குத் தலையிலும் வாலிலும் ஒவ்வொன்று சேர்த்து 10 பிட். ஒரு சுரத்துக்கு மூன்று பைட். ஆக, ஒரு சுரம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். பத்து விரலையும் சேர்த்து அழுத்தினால் பத்தாவது சுரத்துக்குப் பத்து மில்லி செகண்ட். (திரும்பத் திரும்ப வரும் முதல் பைட்டை விட்டுவிடும் சிக்கனமும் மிடியில் உண்டு. அப்போது ஏழுக்குள் அடங்கும்.) இதுவரை யார் காதுக்கும் உறுத்தாது. ஆனால் அதே தட்டில் டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ், போதாததற்குப் பிட்ச் பெண்ட் என்று எல்லாம் சேர்ந்தால், ஒற்றையடிப் பாதையில் கல்யாண ஊர்வலம்தான். மாப்பிள்ளைக்கு முன்னால் பந்தம் பிடிப்பவர் போய்விடுவார். அந்த நெரிசலுக்குப் பாவம் ‘த்ரூ’வைத் திட்டுகிறோம்.

குறைந்தது டிரம் மெஷினுக்காவது தனிப் போர்ட் கொடுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் புதிதாக 16 சேனல் கிடைக்கிறது என்பது கூடுதல் லாபம். பல குரலில் வாசிக்கும் ஒரு சவுண்ட் மாட்யூல் தனியாளாகவே 16-ஐயும் தின்றுவிடும். என் கட்சி: ஒரு போர்ட் பெட்டி நான்கு வாங்குவதைவிட நான்கு போர்ட் பெட்டி ஒன்று மேல்.

கேள்வி: இந்த யோசனை வருவதற்கு முன்பே ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் காட்டுகிறதே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே சட்டை போட்டுவிட்டீர்கள். யுஎஸ்பி சொருகும் இடத்தை மாற்றினால் நேற்றைய அண்ணன் இன்றைக்குத் தம்பி. ஒருநாள் காலை வீணைக்காக எழுதிய மெட்டை அழுத்தினேன். மூலையில் இருந்த டிரம் மெஷின் ‘டொம், டிஷ், டொம்’ என்று அதை ராகத்தோடு வாசித்தது. முந்தைய இரவு மேசை துடைத்தவன் நான்தான். அன்று முதல் கம்ப்யூட்டரின் ஓட்டையிலும் பெட்டியிலும் ‘அ’, ‘ஆ’ என்று வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் பெயரையே மாற்றலாம். விண்டோஸிலும் பல பாட்டுப் பதிவு சாஃப்ட்வேர்கள் போர்ட்டுக்குப் புனைபெயர் வைக்க விடும்.

கேள்வி: இரண்டு டிரம் மெஷின், இரண்டு இன்டர்ஃபேஸ். பாதிப் பாட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன. (மதுரை வாசகர்)

பதில்: நாதஸ்வரக் கச்சேரியில் தவில் இரண்டு இருக்கும், ஜால்ராக்காரர் ஒருவர்தான். மிடியில் அந்த ஜால்ரா, ‘கிளாக்’. ஒரு கால் நோட்டுக்கு 24 தட்டு. கம்ப்யூட்டர் தட்டட்டும். இரண்டு மெஷினையும் ‘எக்ஸ்டர்னல்’ என்று மாற்றிக் கேட்க வையுங்கள். அவற்றில் ஒன்று இன்னும் ‘இன்டர்னல்’ என்று சொந்தத் தாளத்தில் இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரே மெஷினுக்கு யுஎஸ்பியிலும் ஐந்து முள் ஒயரிலும் சேர்த்துத் தட்டு போகக்கூடாது.

கேள்வி: ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு தரம் ஒலிக்கிறது. பேயா? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: பேய்க்கு ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்று பெயர். கட்டை நேராகவும் வாசிக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போன சீட்டும் திரும்பி வந்து வாசிக்கிறது. கீபோர்டில் அதை ‘ஆஃப்’ செய்யுங்கள்.

கேள்வி: மலிவு யுஎஸ்பி மிடி ஒயரில் ‘இன்’, ‘அவுட்’ என்று எழுதியிருந்தபடியே மாட்டினேன். ஊமை. (வேலூர் வாசகர்)

பதில்: யாருடைய ‘இன்’? சில ஒயரில் அது ‘கீபோர்டின் இன்னில் சொருகு’, சிலவற்றில் ‘நான்தான் இன், கீபோர்டின் அவுட்டில் சொருகு’. மாற்றிச் சொருகிப் பாருங்கள். பயம் வேண்டாம், எரியாது. வாங்கும் பக்கத்தில் சீட்டு ஒளியாக மாறித்தான் தாண்ட வேண்டும் என்பது விதி. இரு கருவிகளுக்கும் நடுவே மின்சாரத் தொடர்பு இல்லை.

கேள்வி: ‘ஒய்’ ஒயரில் இரண்டு கீபோர்டை ஒரே இன்னில் சேர்க்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: ஒரே ஃபோனில் இரண்டு பேர் ஒருசேரக் கத்தலாமா? ‘மெர்ஜ்’ பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: 1983 சமாச்சாரத்தை இன்னும் கட்டி அழுகிறோமே? (சென்னை வாசகர்)

பதில்: அந்த ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் புராஃபெட்-600-ஐயும் ரோலண்ட் ஜூபிட்டர்-6-ஐயும் ஓர் ஒயரில் இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள்! அவற்றை நிறுவிய டேவ் ஸ்மித்துக்கும் இக்குதாரோ காகேஹாஷிக்கும் 2013-ல் கிராமி கொடுத்தார்கள். அந்தக் கண்காட்சி முடிந்த மூன்றே வருடத்தில் நம் ஊரிலும் ‘புன்னகை மன்னன்’ பாடல்களில் இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரை இறக்கிவிட்டார். 2020-ல் மிடி 2.0 வந்தாயிற்று. ஆனாலும் அன்றைய புராஃபெட்டை இன்று உங்கள் லேப்டாப்பில் மாட்டினால் வாசிக்கும். 1983-ல் வாங்கிய வேறு எதை அப்படி மாட்டுவீர்கள்?

கேள்வி: வாசிக்கும்போது ஒயர் கழன்றது. சுரம் நிற்காமல் அலறுகிறது, இதை எழுதும்போதும்! (தஞ்சை வாசகர்)

பதில்: ‘விடு’ என்ற சீட்டு போய்ச் சேரவில்லை. சாஃப்ட்வேரில் ‘பேனிக்’ பொத்தான் இருக்கும், அழுத்துங்கள். அழுத்துவதற்கு முன் ஒயரைத் திரும்பச் சொருகுங்கள்.