முள்ளெலியும் முன்னட்டையும்

நூலின் முன்னட்டை அதனை வாசிப்பவருக்காகவே வரையப்படுகின்றது என்பது பதிப்பாளரின் நம்பிக்கையாயினும், கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் அது முதலிற் சென்று நிற்பது அந்நூலை ஒருபோதும் வாசிக்கப் போகாதவர்களின் முன்னிலையில்தான். தாயார், பெரியம்மா, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகியோரைக் கொண்ட இத்தணிக்கைச் சபைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. ஆனால் அதன் தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை.

இச்சபையின் அளவுகோலை விளங்கிக்கொள்ள ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராதாவின் நாவலொன்று நல்ல சான்றாகும். வளர்ந்துவரும் எழுத்தாளர்களுக்கு ஜப்பானில் வழங்கப்படும் புகழ்பெற்ற விருதாகிய அகுதாகவா பரிசை 2016இல் பெற்ற முராதா, 2018இல் வெளியிட்ட நாவல் 2020இல் 'ஏர்த்லிங்ஸ்' என்னும் பெயரில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அதன் முன்னட்டையில் பஞ்சடைத்த முள்ளெலிப் பொம்மை இடம்பிடித்திருந்தது. உள்ளேயோ, சிறுமிக்கு நேரும் பாலியற் கொடுமையில் தொடங்கும் கதை கொலையைக் கடந்து மனித இறைச்சி உண்பதுவரை செல்கின்றது. அட்டையை மட்டும் நோக்கும் சபை இதனை ஒருமனதாக அனுமதிப்பதோடு, "சின்னவளுக்கும் ஒண்டு வாங்கியிருக்கலாமே" என்று குறைபட்டுக்கொள்ளவும் கூடும்.

இதற்கு நேர்மாறான கதி தமிழ் மாத நாவலுக்கு நேர்கின்றது. மாதந்தோறும் ஒரு முழுக்கதையை மலிவுத் தாளில் தாங்கிவரும் இவ்வகை நூல்களில், எழுத்தாளர் ராஜேஷ்குமாரின் துப்பறிவாளர் விவேக் தாலி கட்டிய மனைவி ரூபலாவுடன் கண்ணியமாகக் குடும்பம் நடத்துகின்றார். குற்றவாளியும் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் அகப்பட்டுக்கொள்கின்றார். ஆயினும் ஓவியர் ஜெயராஜின் கைவண்ணத்தில் ஒரு பெண் அட்டையில் சற்றே திரும்பி நின்றுவிட்டால், இவ்வளவு நீதியும் குப்பைக் கூடைக்கே போய்ச்சேரும்.

விளம்பரத்தின் நிலையும் இதுவே. ஜப்பானியப் பதிப்பாளர்கள் நூலின் கீழ்ப்பகுதியைச் சுற்றி 'ஓபி' எனப்படும் கடதாசிப் பட்டியை அணிவித்து, அதில் விளம்பர வாசகங்களை அச்சிடுவர். ஹருகி முரகாமியின் 'நோர்வீஜியன் வூட்' 1987இல், ஆசிரியரே வடிவமைத்த சிவப்பு, பச்சை அட்டைகளுடன் இரு பாகங்களாக வந்தபோது, அது நூறு வீதக் காதல் நாவல் என்று பறைசாற்றியது இந்தப் பட்டிதான். கதையில் வரும் தற்கொலைகளைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. கொழும்பில் பட்டியின் இடத்தில், இந்திய விலையை மறைத்து ஒட்டப்படும் இலங்கை விலைச்சீட்டு இருக்கின்றது. 2022இல் ரூபா சரிந்த பின்னர், சபையோர் "இதென்ன அநியாயம்" என்று முகஞ்சுளிப்பது அட்டைப்படத்தைப் பார்த்தா, இச்சீட்டைப் பார்த்தா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

ஜப்பானியப் புத்தகக் கடைகளில் காசாளரே நூலுக்குக் கடதாசி உறை போடட்டுமா என்று கேட்பது வழக்கமாதலால், ரயிலில் எவர் எதை வாசிக்கின்றார் என்பதை அயலிருக்கையார் அறிய வழியில்லை. இங்கு பிறவுண் பேப்பர் உறை பாடசாலைக் கொப்பிகளுக்கே உரியது. எனவே கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதி வழியே செல்லும் 102ஆம் இலக்க பஸ்ஸில் உறையிட்ட நாவலை விரிக்கும் வளர்ந்த மனிதர், எதையோ மறைக்கின்றார் என்றே கொள்ளப்படுவார். ஆகவே விபரமறிந்த வாசகர் முராதாவை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தும், ராஜேஷ்குமாரைக் கணக்கியற் பாடநூலுக்குள் ஒளித்தும் வாசிக்கின்றார். சபையும் சமூக ஒழுக்கம் காக்கப்பட்டதென்று நிம்மதியடைகின்றது.