நின்ற வண்டியியல்: வத்திராயிருப்புச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓடிக்கொண்டிருந்த கார் தானாக அணைந்து, மறுபடி கிளம்ப மறுப்பதை ஆராயும் துறை நின்ற வண்டியியல். ஓட்டுநர் வேண்டுமென்றே நிறுத்திய வண்டி இதில் அடங்காது. ஆனால் டீக்கடை வாசலில் அணைத்துவிட்டு, டீ குடித்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போது எடுக்காத வண்டி அடங்கும். இத்துறையின் செழிப்பான பகுதியே அதுதான்.

கிருஷ்ணன்கோவிலில் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்குப் போகும் சாலை இந்த ஆய்வுக்கு உகந்த களம். ஆடி அமாவாசைக்கு இங்கே வண்டிகள் முதல் கியரிலேயே ஊர்கின்றன. எஞ்சின் கொதிக்கிறது, காற்று ஓட்டம் இல்லை. நின்ற வண்டியைச் சுற்றி நிற்க ஆட்களுக்கும் பஞ்சமில்லை. இந்த மூன்றும் ஒருங்கே அமைவது அரிது.

முதல் சோதனை காதால் செய்வது: செல்ஃப் சுற்றுகிறதா? 'டிக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டால் குற்றவாளி பேட்டரி, அல்லது அதன் முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி. முனையைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து இறுக்கினால் பெரும்பாலும் தீரும். இதில் ஆராய அதிகம் இல்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், பெட்ரோல் வரவில்லை அல்லது பிளக்கில் கரண்ட் வரவில்லை. செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது மேலும் முயலக் கூடாது. பல எஞ்சின்களில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிடும். பெட்ரோல் முள்ளை நம்புவது அவரவர் விருப்பம். இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று முனகும். அதைக் கேட்க வண்டிக்குள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதால், கல்யாண வீட்டுக்குப் போகும் வண்டிகளில் இச்சோதனை செய்ய இயலாது.

டீசல் வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேங்க் வற்றும்வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசலை அழுத்தினால் அழுத்தம் இன்ஜெக்டருக்குப் போய்ச் சேரும். காற்றை அழுத்தினால் அது சுருங்குவதோடு சரி. ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடித்தால் ஏர் லாக் விலகும். வயல் பக்கத்து டிராக்டர்காரர் எவரும் இதைச் செய்வார்.

இனி வருவது சூடு. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் இவ்வகை நிற்றலின் மூலபாடம். அதன் பழைய பெட்ரோல் வகைகளில் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருந்தது. வண்டி ஓடும்வரை புதுப் பெட்ரோல் வந்து குழாயைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். அணைத்ததும் விசிறியும் நிற்கும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும். எஞ்சின் சூடு மொத்தமும் பானெட்டுக்குள் ஏறும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். நீர்மத்தை உறிஞ்சப் பழகிய பம்ப் ஆவியோடு மல்லுக்கட்டித் தோற்கும். இதற்கு மருந்து, பம்பின்மேல் ஈரத்துணி. இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறார்கள் என்பதால், இவ்வட்டாரத்தில் எஞ்சினுக்குக் கட்டுப் போட்டதை எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

2000ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் இறுகியதும் புதிய கார்களிலிருந்து கார்பரேட்டர் மறைந்தது; ஆவி அடைப்பும் ஏறக்குறைய ஒழிந்தது. சூடு மட்டும் வேறு வேலை தேடிக்கொண்டது. இக்னிஷன் காயிலின் உட்சுற்று, கிராங்க் சென்சார் ஆகியவை பழுதடையும்போது சூட்டில் தொடர்பு அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்வதுண்டு. கிராங்க் சென்சார் ஊமையானால் எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் கரண்டும் விடாது, பெட்ரோலும் தெளிக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் சிறிதும் அசையாமல் கிடந்தால் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

சூட்டால் நின்ற வண்டி ஆறினால் கிளம்பிவிடும்; அதற்குச் சுமார் அரைமணி ஆகும். கூடிநிற்போரின் கோட்பாடுகள் எல்லாம் இந்த அரைமணிக்குள்தான் பிறக்கின்றன. "பெட்ரோல் இருக்கா அண்ணாச்சி?" என்று தொடங்குவோர் பெட்ரோல்வாதிகள். அடுத்து வருவோர் பேட்டரிவாதிகள். மூன்றாமவர் தள்ளல்வாதிகள்: சாவி ஆனில், இரண்டாம் கியரில், வண்டி உருண்டதும் கிளட்சை விடவேண்டும் என்பது இவர்கள் முறை. பேட்டரி இறங்கிய, கியர் போட்டு ஓட்டும் வண்டிக்கு இது மெய்யாகவே பலிக்கும்; ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தள்ளியவர் வியர்த்ததுதான் மிச்சம். மலையிலிருந்து நிலம் கிழக்கே சரிவதால் தாணிப்பாறைச் சாலையில் ஊரைப் பார்த்துத் தள்ளுவதே முறை. சரிவு கண்ணுக்குத் தெரியாது, தள்ளுபவரின் முழங்காலுக்குத் தெரியும். கடைசியாக வருவோர் திருஷ்டிவாதிகள். இவர்கள் பானெட்டைத் திறப்பதில்லை; எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்புகிறார்கள்.

பழம் வந்து சேர அரைமணி ஆகிறது. சக்கரத்தில் வைத்து நசுக்கியதும் வண்டி கிளம்புகிறது. கடைசியாக எவர் என்ன செய்தாரோ அவருடைய கோட்பாடு நிரூபணமாகிவிடுகிறது. திருஷ்டிவாதம் இவ்வட்டாரத்தில் அசைக்க முடியாமல் நிற்பதற்குக் காரணம் பழத்தின் புளிப்பல்ல, கடையின் தூரம். வீட்டிலிருந்தே பழம் கொண்டுவந்து, வண்டி நின்ற மறுநிமிடமே நசுக்கியிருந்தால் அக்கோட்பாடு என்றோ கைவிடப்பட்டிருக்கும்.

மெக்கானிக்குக்கு நேர்வது இதன் மறுபக்கம். அவர் டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கும்போது எஞ்சின் ஆறியிருக்கிறது. சாவியைத் திருப்புகிறார், முதல் சுற்றிலேயே எடுக்கிறது. "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்கிறார். ஓட்டுநர் தலைகுனிகிறார், கூடிநின்றவர்கள் கலைகிறார்கள், பழுது உள்ளேயே இருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் கூட்டிப்போன பிள்ளையின் கதைதான்.

ஆகவே ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறிக் கிளம்பிய வண்டியைச் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வழியில் டீக்கு அணைக்காமல் நேரே பட்டறைக்கு ஓட்டிப்போய், எஞ்சின் கொதிக்கும்போதே அணைத்து, அங்கேயே நிற்க வைத்து, பிளக்கையும் காயிலையும் சென்சாரையும் அந்தச் சூட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.