மேரி பிஸ்கட் உறையொலியும் ஆறாம் அறிவும்: சேலையூர் ஜிம்மியை முன்வைத்து

ஆய்வேடு என்றால் ஐந்து இயல் வேண்டும், முதல் இயலில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது மரபு. இடம் போதாததால் அந்த முதல் இயல் மட்டும் இங்கே விடப்பட்டுள்ளது.

ஆய்வுப்பொருள், ஜிம்மி. பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். கால்நடை மருத்துவர் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இண்டியன் ஸ்பிட்ஸ் சார்" என்றார். நம் ஊரில் பொமரேனியன் என்று கொஞ்சப்படுவதில் பெரும்பாலானவை அந்த இனம்தான். வயது, சங்கப் புலவர்களுக்குக் காலம் கணிக்கும் முறைப்படி, ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே. மறுப்பவர்கள் தனி நூல் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து ஆய்வு எல்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். ஜிம்மி இந்த இணைப்பை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. அவன் ஆட்சி வடக்கே இஸ்திரி வண்டி, தெற்கே டிரான்ஸ்பார்மர். தினமும் காலையில் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் கையொப்பமிட்டு உரிமையைப் புதுப்பிக்கிறான். தெருநாய்கள் அந்த ஆவணத்தை ஊன்றிப் படித்து, அதன்மேலேயே மறுப்புரை எழுதிவிட்டுப் போகின்றன. ஆய்விதழ்களில் வரும் மறுப்புரைகளும் பெரும்பாலும் இவ்வகையே.

குளியல்: தரவு தர வீட்டார் மறுத்துவிட்டனர்.

பூனை: மதில்மேல் இருப்பதால் முடிவு சொல்ல இயலவில்லை.

உறவுமுறை பற்றிக் கொஞ்சம். ஒரு நாள் இரவு என் மனைவி சமையலறையிலிருந்து, "சின்னவன் சாப்பிட்டானா?" என்று கேட்டாள். பிளஸ் டூ படிக்கும் எங்கள் இளைய மகன், "சாப்பிட்டேம்மா" என்றான். "உன்னை யார்டா கேட்டா?" என்று பதில் வந்தது. (சான்று: மனைவி, வாய்மொழி, தாளிக்கும் நேரம்.)

இனி மைய இயல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு ஆறு. அதோடு நிற்காமல், விலங்கிலும் சிலவற்றுக்கு ஆறாவது உண்டு என்று ஒரு நூற்பா. அதற்கு உரை சொன்ன இளம்பூரணர் கிளி, குரங்கு, யானை ஆகியவற்றைக் காட்டி, 'முதலாயின' என்று முடித்துவிட்டார். அந்த 'முதலாயின'வுக்குள் ஜிம்மி இருக்கிறான் என்பதே என் கருதுகோள். இதைவிடக் குறுகிய சந்தில் நுழைந்து முனைவராக வெளியே வந்தவர்கள் உண்டு.

சான்றுக்கு வருவோம். வீட்டில் கிழிபடும் உறைகள் பல: கடலைமாவு, அப்பளக் கட்டு, பிரஷர் மாத்திரை அட்டை, மேரி பிஸ்கட். முதல் மூன்றுக்கும் ஜிம்மி ஒரு கண்ணைக்கூடத் திறப்பதில்லை. நான்காவதை, கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக் கிழித்தாலும், பால்கனியில் தூங்கியவன் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருப்பான். வாயோரம் எச்சில், வலது முன்கால் மட்டும் அந்தரத்தில்.

மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காது நாற்பதாயிரத்தையும் தாண்டும், செவியோ தொல்காப்பியர் கணக்கில் ஐந்தாம் அறிவுதான், ஆறாவது மனம் அல்லவா என்பது எதிர்த்தரப்பு (என் அண்ணன், பெருங்களத்தூர், தொலைபேசி வழி, பாதியில் துண்டிக்கப்பட்டது). நல்ல கேள்வி. என் அம்மாவுக்குச் சர்க்கரை. பிஸ்கட் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இரவு பதினொரு மணிக்கு அம்மா ரகசியமாக உறையைப் பிரித்தால் மட்டும் ஜிம்மி குரைப்பதில்லை. நகம் தரையில் படாமல் நடந்து போய், தன் பங்கை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்புகிறான். குரைத்தால் இருவருக்கும் கிடைக்காது என்று கணக்குப் போடுவது காது அல்ல, மனம். (மேலது, மேலதற்கு மேலது, கீழ்வீட்டு மாமி, மாடிப்படி உரை, வாழைப்பூ ஆயும் நேரம், மாமா குறுக்கிட்டதால் திருத்திய இரண்டாம் பதிப்பு, கரண்ட் போனதால் பக்க எண் இல்லை.)

பின்னிணைப்பாக ஒன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் பயிற்றுநர் பள்ளி நடக்கிறது. பயிற்சி விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே வரும்போதெல்லாம் ஜிம்மி குரைக்கிறான். விமானம் உடனே போய்விடுகிறது. ஒருமுறைகூட எங்கள் மாடியில் இறங்கியதில்லை. காரண காரியத்தை நிறுவ இவ்வளவு போதும் என்பது கருத்தரங்குகளில் ஏற்கப்பட்ட முறை.

மறுப்புக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன. பதிப்புக் கட்டணம் மேரி பிஸ்கட் ஒரு பாக்கெட், உறை பிரிக்காமல். கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை. கட்டணம் அன்றே பரிசீலிக்கப்படும்.