தேயும்வரை மிதிப்பது எப்படி?

சைக்கிளில் ஒரு சாமான் தேய்ந்துவிட்டது என்று தெரிவதற்கும் அதை மாற்றுவதற்கும் நடுவே தாராளமான ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்துக்குள் பிள்ளையைப் படிக்கவைத்துக் கல்யாணமும் பண்ணிவைத்தவர்கள் திருச்சியில் இருக்கிறார்கள். சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே மிதிப்பவர்கள் அந்தக் காலத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதற்கான யோசனைகள் இவை. தாத்தா விட்டுப்போன ஹெர்குலிஸ்காரர்களுக்கும், 2001இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டத்தில் மகள் வாங்கிவந்த வண்டியில் இப்போது சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகும் அப்பாக்களுக்கும் இது பொருந்தும். புதுச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இரண்டு மழை கழித்து வரவும்.

முதலில், அளக்காதீர்கள். செயினில் பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சேர்ந்தால் மிகச் சரியாக 12 அங்குலம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்துப் பார்த்தால், 24ஆவது கண்ணியின் பின் 12இல் உட்கார வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றிவிடலாம், ஃப்ரீவீல் பிழைக்கும். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் ஃப்ரீவீலும் போயாயிற்று என்று அர்த்தம். இவ்வளவு துல்லியமான கெட்ட செய்தியை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் சொல்லிவிடும் என்பதால், அதைப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே விட்டுவைப்பது நல்லது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது பேச்சு வழக்குதான். இரும்பு நீள்வதில்லை. ஆற்று மணலும் ரோட்டுத் தூசியும் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள்போல் உரச, ஒவ்வொரு பின்னும் அதன் துளையும் மயிரிழை தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட மயிரிழைகளைக் கூட்டினால் செயின் தொங்குகிறது. தொங்கிய செயின் ஃப்ரீவீல் பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறுகிறது. பல் ஒரு பக்கம் அரிந்து கொக்கியாக வளைகிறது. இங்கேதான் நம் கொள்கைக்கு விஞ்ஞான ஆதாரம் கிடைக்கிறது. செயினும் ஃப்ரீவீலும் தொகுதிப் பங்கீடு பேசி முடித்த கூட்டணி. இரண்டும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றின் குறை இன்னொன்றுக்குப் பழகிவிட்டது. புதிதாக ஒருவரை உள்ளே விட்டால்தான் தகராறு.

கடையில் நடப்பது இது:

“செயினை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே.”

“மாத்தலாம் சார். இந்த ஃப்ரீவீல் புதுச் செயினைச் சேத்துக்காது. எந்திரிச்சு மிதிச்சீங்கன்னா வழுக்கி விட்ரும்.”

“அப்ப ஃப்ரீவீலும் சேத்து…”

“முன்னாடி செயின்வீல் பல்லையும் ஒருக்கா பாருங்க. அப்புறம் பெடல் ஆடுது, பி.பி. கப்பும் போயிருச்சு. ஓவராயில் பண்ணிரலாமா?”

“காத்து மட்டும் அடிங்கண்ணே.”

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரிய நேரத்தைக் கோட்டைவிட்டபின், எல்லாமே தேய்ந்து முடியும்வரை ஓட்டி மொத்தமாக மாற்றுவதுதான் சிக்கனம் என்று மெக்கானிக்கே சொல்வார். உரிய நேரம் எது என்பதைத்தான் நாம் அளக்காமல் விட்டுவிட்டோமே.

இனி சவாரி. சத்திரத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்து மிதித்துக் கிளம்பாதீர்கள். வழுக்கும் ஃப்ரீவீலில் முதல் மிதிதான் ஆபத்து. பெடல் சும்மா சுற்றிவிடும், உங்கள் எடை முழுக்க பாருக்கு வரும். தள்ளிக்கொண்டே நாலெட்டு ஓடி, வண்டி உருளத் தொடங்கியதும் தாவி ஏறுங்கள். 2021 டிசம்பரில் திறந்த புதுக் கட்டடத்திலிருந்து டவுன் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வெளியே வரும் இடத்தில் இப்படி ஓடுவது இயல்பாகவே தெரியும். எல்லோரும் எதையாவது பிடிக்க ஓடுகிறார்கள்.

அண்ணா சிலை தாண்டிக் காவிரிப் பாலத்துக்கு ஏறும்போது எழுந்து நிற்காதீர்கள். இந்த ஏற்றத்தில்தான் காட்டர் பின் பேச ஆரம்பிக்கும். கிராங்கை அச்சோடு பூட்டிவைக்கும் இந்தச் சின்ன ஆப்பு தேய்ந்தால், சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று காலுக்குக் கீழே ஓர் அடி விழும். பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, அப்புறம் நட்டைப் பிடிக்க வேண்டும் என்பது முறை. நட்டை மட்டும் திருகிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். நம் முறையில், டின் தகட்டில் ஒரு துண்டு வெட்டி இடுக்கில் சொருகினால் அந்த ‘டக்’ மாம்பழச்சாலைவரை அடங்கும். வரும்போது வேறு தகடு. (பெல்லைத் தவிர எல்லாம் அடிக்கும் என்ற பழைய சைக்கிள் ஜோக்கை இங்கே சேர்க்கவில்லை. நம் வாசகர்களுக்கு அது ஜோக் இல்லை.)

பாலத்தில் ஆடி மாதம் மேற்கிலிருந்து காற்று குறுக்கே அடிக்கும். ஸ்ரீரங்கம் போகிறவர்களை இடப்பக்கமிருந்து தள்ளி, பஸ் வரும் பக்கமாகச் சாய்க்கும். ஹேண்டில் கப் ஆடுகிற வண்டிக்கு இது சோதனை. ஆனால் அண்ணாந்து பார்க்க வேண்டாம், கீழே பாருங்கள். நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும் பாலமே நமக்கு மூத்தவர். 1976இல் திறந்த பாலம். சக்கரத்துக்கு இருப்பதுபோல் அதற்கும் பேரிங் உண்டு: தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் தளம் நகர்ந்துகொடுப்பதற்கு. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே இணைப்புகள் உண்டு. அவை கெட்டு, இடைவெளி அகன்று, ஒவ்வொரு இணைப்பிலும் கேரியரில் இருந்த டிபன் பாக்ஸ் எகிறிய நாட்கள் ஊருக்கு நினைவிருக்கும். 2022 நவம்பரில் பராமரிப்புக்காக மூடி, பேரிங்குகளையும் இணைப்புகளையும் சரிசெய்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அதுவரை பெரிய வண்டிகள் சென்னை பைபாஸைச் சுற்றிக்கொண்டு போயின. இதையெல்லாம் யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை. ஆகவே “இந்தப் பின் சக்கரத்தை எப்பத்தாங்க பார்ப்பீங்க?” என்று வீட்டில் கேட்டால், “திட்ட மதிப்பீடு தயாராகுது” என்று சொல்லிவிடலாம்.

பின் சக்கரம் என்றதும் கம்பிகள். பழைய மாடல் வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. முன்னால் 32 கம்பியில் ஓடுகிறது என்றால் பின்னால் 8 கம்பி உபரி என்பது கணக்கு. எட்டு ஒடியும்வரை கவலை இல்லை. உட்காருகிறவரின் எடையும் மிதியின் இழுப்பும் பின் சக்கரத்துக்குப் போவதால்தான் அந்த எட்டு என்பதும், ஒரு கம்பி ஒடிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போய் ரிம் கோட்டமாகும் என்பதும் கடைக்காரர்கள் கிளப்பும் பேச்சு. அது உண்மையும்கூட. ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். தொங்கவிட்டால் செயினுக்குள் போகும்.

டயரில் வெள்ளை நூல் தெரிந்தால் உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டு வைக்கலாம். மொட்டையான பின் டயரை முன்னுக்கு மாற்றும் வழக்கமும் உண்டு. பின்னால் வெடித்தால் வண்டி உட்காரும். முன்னால் வெடித்தால் நாம் உட்காருவோம், அல்லது படுப்போம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் பஞ்சர் ஒட்டு தானாகக் கிளம்பும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிரேக் கட்டையில் மட்டும் இந்த வழிகாட்டி பின்வாங்குகிறது. ரப்பர் தீர்ந்து இரும்பு ரிம்மைப் பிறாண்டும் சத்தம் பாலத்திலிருந்து மாம்பழச்சாலை இறக்கத்தில் எல்லோருக்கும் கேட்கும், ஆனால் முன்னால் போகும் ஆட்டோ அதற்காக நகராது. மழை நாளில் நனைந்த குரோமியம் ரிம்மில் புதுக் கட்டையே சரியாகப் பிடிக்காது. செருப்பை முன் டயரில் தேய்த்து நிறுத்தும் கலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; செருப்பு கட்டையைவிட விலை அதிகம் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. சிக்கனத்துக்காகவே மாற்றிவிடுங்கள். கொள்கை மீறல் ஆகாது.

ஸ்ரீரங்கம் வந்துவிட்டால் கவலை விட்டது. சித்திரை வீதியும் உத்தர வீதியும் சமதளம். எது தேய்ந்திருந்தாலும் உருளும்.

என்றாவது ஒருநாள், வேறு வழியில்லாமல், மொத்த செட்டும் மாற்றும்படி ஆகும். அப்போது கடைக்காரர் பழைய சாமானைக் காட்டி, “இதை எடுத்துட்டுப் போறீங்களா சார்?” என்பார். ஆம் என்று சொல்லுங்கள். டியூபை நீளவாக்கில் கிழித்தால் கேரியரில் மூட்டை கட்டலாம். செயினையும் ஃப்ரீவீலையும் மச்சான் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மட்டும் மாட்டி அவர் பாலத்து ஏற்றத்தில் விழுந்தால், தங்கச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.